சொரியாசிஸ் ஏன் அதே இடத்தில் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 38. ஏழு ஆண்டுகளாகச் சொரியாசிஸ் இருக்கிறது. இரண்டு முழங்கைகளிலும் இடது முழங்காலுக்குக் கீழேயும் தடித்த படை. சென்ற ஆண்டு சிகிச்சையில் முழுவதும் மறைந்து, தோல் பழையபடி மென்மையாகிவிட்டது. குணமாகிவிட்டது என்று நினைத்து நானே மருந்தை நிறுத்தினேன். நான்கு மாதங்களில் திரும்பி வந்துவிட்டது. கைபேசியில் இருக்கும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே இடம், ஏறக்குறைய அதே வடிவம். ரத்தப் பரிசோதனைகளில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ரத்தம் அசுத்தமாக இருப்பதால்தான் இப்படி வருகிறது, ரத்தத்தைச் சுத்தம் செய்தால் போய்விடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். என் தோல் எப்படி அந்த இடத்தை ஞாபகம் வைத்திருக்கிறது? வெண்புள்ளி உள்ள என் தம்பிக்கும் நிறம் திரும்பிய இடத்திலேயே மறுபடி வெளுக்கிறது. நாங்கள் ஏதாவது தவறு செய்கிறோமா? இதை அடியோடு அழிக்க முடியாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏதாவது தவறு செய்கிறோமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நோய் அதே இடத்தில் திரும்பி வந்ததற்கு நீங்களும் உங்கள் தம்பியும் செய்த எந்தத் தவறும் காரணம் இல்லை. உண்ட உணவும் பட்ட கவலையும் முழங்கையில் அதே வடிவத்தை மறுபடி வரைவதில்லை. மருந்தை நீங்களாகவே நிறுத்தியது பற்றி மட்டும் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக்கூடத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் தோல் தெளிந்த பிறகு உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்பதை உங்களுக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது.

பழைய படத்தையும் புதிய படைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களே, அதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. நோய்க்குக் காரணம் ரத்தத்தில் மட்டும் இருந்தால், ரத்தம் உடல் முழுக்கச் சுற்றி வருவதால், இரண்டாம் முறை அது தோள்பட்டையிலோ முதுகிலோ வந்திருக்கலாம். அதே ஓரம், அதே வளைவு என்று வந்தால், அந்த இடத்திலேயே ஏதோ ஒன்று தங்கியிருக்கிறது என்றுதான் பொருள். அப்படித் தங்கியிருப்பவை ஒரு வகை வெள்ளணுக்கள். தோலில் குடியிருக்கும் நினைவு டி செல்கள் என்று அவற்றைச் சொல்கிறோம்.

டி செல்களின் வேலை, உடலுக்குள் வந்த கிருமியையோ கெட்டுப்போன செல்லையோ அடையாளம் கண்டு தாக்குவது. ஒரு கிருமியை முதன்முதலில் சந்திக்கும்போது, அதை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் நிணநீர்க் கணுக்களில் பல மடங்கு பெருகி, தொற்று நடக்கும் இடத்துக்குப் போய்ச் சண்டையிடுகின்றன. சண்டை முடிந்ததும் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. எஞ்சிய ஒரு சிறு பகுதி, அந்தக் கிருமியின் நினைவோடு நீண்ட காலம் வாழ்கிறது. அடுத்த முறை அதே கிருமி வந்தால் உடல் விரைவாக எதிர்ப்பதற்கு இவையே காரணம். தடுப்பூசிகள் பலன் தருவதற்கும் இந்த நினைவு ஒரு காரணம்.

இந்த நினைவுச் செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அழைப்பு வந்தால் மட்டும் திசுவுக்குள் இறங்குகின்றன என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். நான் மருத்துவம் படித்தபோதும் பாடம் அப்படித்தான் இருந்தது. 2006இல் பாஸ்டனைச் சேர்ந்த ரேச்சல் கிளார்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் நோயில்லாத மனிதத் தோலில் உள்ள டி செல்களை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வயதுவந்தவரின் தோலில் ஏறத்தாழ 2,000 கோடி டி செல்கள் இருக்கின்றன என்றும், அது ரத்தத்தில் சுற்றும் டி செல்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை நினைவுச் செல்கள். காயமும் தொற்றும் இல்லாத, கண்ணுக்குக் குறையே தெரியாத தோலில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்றால், கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தம் இவர்களைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லாது. உங்கள் ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தும் முழங்கையில் படை இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இவை எப்படி ஓரிடத்தில் நிலைகொள்கின்றன என்பதும் இன்று ஓரளவு தெளிவாகியிருக்கிறது. திசுவை விட்டு வெளியேறச் சொல்லும் ஒரு வேதியியல் சைகை உண்டு. சிடி69 என்ற புரதம் அந்தச் சைகையைச் செல்லின் காதில் விழாமல் செய்துவிடுகிறது. சிடி103 என்ற இன்னொரு புரதம், மேல்தோல் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் ஈ-கேட்ஹெரின் என்ற பிசினையே பற்றிக்கொண்டு நிற்க உதவுகிறது. 2009இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் எலிகளில் இதை அழகாகக் காட்டினார்கள்: ஹெர்பிஸ் தொற்று ஆறிய பிறகும், தொற்று நடந்த தோலிலும் அதற்கு நரம்பு தரும் முடிச்சிலும் இத்தகைய செல்கள் நிலையாகத் தங்கி, மறுபடி வைரஸ் வந்தபோது அந்த இடத்தைக் காத்தன. மேல்தோல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது; அதன் செல்கள் உதிர்ந்து போனாலும் நடுவில் இந்தக் காவலர்கள் உதிராமல் நிற்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

உதட்டோரத்தில் கொப்புளமாக வரும் ஹெர்பிஸ் பலருக்கும் தெரிந்தது. அந்த வைரஸ் நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, நரம்பு வழியாகத் தோலுக்கு அவ்வப்போது வருகிறது. புண் ஆறிய இடத்தில், நரம்பு நுனிகள் வந்து சேரும் அதே அடுக்கில், டி செல்கள் மாதக்கணக்கில் கூடி நிற்பதை மனிதர்களிடம் எடுத்த தோல் மாதிரிகளிலும் பார்த்திருக்கிறார்கள். வைரஸ் தலைகாட்டிய பல தடவைகளில் நமக்குத் தெரிவதற்கு முன்பே அவை அதை அடக்கிவிடுகின்றன. தோல் உடலின் எல்லைச் சுவர். எதிரி ஒருமுறை எங்கே உடைத்துக்கொண்டு வந்தானோ அங்கேயே காவல் போடுவது உடலுக்கு நல்லது. உங்கள் முழங்கையில் நடப்பதும் இதே ஏற்பாடுதான். அங்கே கிருமி எதுவும் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

உங்கள் நோய்க்குப் போவதற்கு முன், தோலின் நினைவைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நோயைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் காய்ச்சலுக்கோ வலிக்கோ ஒரு மாத்திரை போடுகிறார். சில மணி நேரத்தில் மணிக்கட்டில் காசு அளவில் வட்டமாக ஒரு சிவப்பு. எரிச்சல், நடுவில் ஊதா நிறம், சில வேளை ஒரு கொப்புளம். இரண்டு வாரத்தில் அது ஆறி, சாம்பல் கலந்த கரும் வட்டமாக நிற்கிறது. ஓராண்டு கழித்து, முன்பு நடந்ததை மறந்து, அதே மாத்திரையைப் போடுகிறார். அன்றிரவே அந்தக் கரும் வட்டம் அரிக்கத் தொடங்கி, காலையில் கோடு மாறாமல் சிவந்து எழுகிறது. பக்கத்தில் ஒரு விரல் தள்ளியிருக்கும் தோலுக்கு எதுவும் ஆவதில்லை. 1894லேயே பிரெஞ்சு மருத்துவர் லூயி புரோக் இதை இடம் மாறாத மருந்துப் படை என்று பெயரிட்டு எழுதினார். காரணம் இப்போது தெரிகிறது: அந்த வட்டத்தின் மேல்தோலில் சிடி8 வகை நினைவு டி செல்கள் அடர்ந்து நிற்கின்றன. மருந்து ரத்தத்தில் உடல் முழுதும் போனாலும் அவை இருக்கும் இடத்தில் மட்டும் தீப்பற்றுகிறது. சந்தேகப்படும் மருந்தைத் தோலில் பட்டியாக ஒட்டிச் சோதிக்கும்போதும், ஆறிய வட்டத்தின் மேல் ஒட்டினால்தான் பெரும்பாலும் விடை கிடைக்கும். முதுகின் தெளிவான தோலில் ஒட்டினால் எதுவும் தெரியாது. இப்படி ஒரு வட்டம் உங்களுக்குத் தெரிந்தவர் யாருக்காவது இருந்தால், அந்த மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப அதே மருந்து உள்ளே போனால் வட்டங்கள் பலவாகி, உடல் முழுக்கக் கொப்புளிக்கும் ஆபத்தான நிலைக்கும் போகலாம்.

இனி சொரியாசிஸ். உங்கள் படையின் மேல் நிற்கும் வெள்ளிச் செதில் ஒன்றை நகத்தால் மெல்லப் பெயர்த்தால், அடியில் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடித்தளத்தில் பிறக்கும் தோல் செல் மேலே வந்து உதிர வழக்கமாக ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸ் படையில் அந்தப் பயணம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராமல் வந்து குவிந்த செல்களே அந்தச் செதில்கள். அடியில் விரிந்து மேலெழுந்து நிற்கும் நுண்குழாய்களே அந்த ரத்தப் புள்ளிகள். தோலை இப்படி அவசரப்படுத்துவது ஐஎல்-17, ஐஎல்-22 போன்ற சைகைப் புரதங்கள். அவற்றைச் சுரப்பவற்றில் தோலில் குடியிருக்கும் டி செல்கள் முக்கியமானவை.

குடியிருக்கும் செல்களே போதும், ரத்தத்திலிருந்து புதிதாக யாரும் வர வேண்டியதில்லை என்பதற்கு 2004இல் ஒரு வலுவான சான்று கிடைத்தது. சொரியாசிஸ் உள்ளவர்களின் தெளிவான, படையில்லாத தோலை எடுத்து, டி செல்களே இல்லாத எலிகளின் மேல் ஒட்டினார்கள். வெளியிலிருந்து ஒரு மனித ரத்த அணுவைக்கூடச் செலுத்தவில்லை. சில வாரங்களில் அந்தத் தோலுக்குள்ளேயே இருந்த டி செல்கள் பெருகி, அங்கே சொரியாசிஸ் படை உருவானது. பிறகு ஸ்வீடனில் லிவ் ஐட்ஸ்மோவின் குழுவினர் சிகிச்சையில் முழுமையாகத் தெளிந்த பழைய படை இடங்களிலிருந்து தோல் எடுத்துப் பார்த்தார்கள். கண்ணுக்கு அது நல்ல தோல். ஆனால் தூண்டினால் ஐஎல்-17உம் ஐஎல்-22உம் சுரக்கத் தயாராக, நினைவுச் செல்கள் அங்கேயே இருந்தன. சென்ற ஆண்டு நீங்கள் தடவிப் பார்த்து மகிழ்ந்த அந்த மென்மையான முழங்கையின் உள்ளே இருந்ததும் இதுதான்.

ஆகவே ரத்தத்தைச் சுத்தம் செய்வது பற்றி வீட்டில் சொல்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள். ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களுக்கு ரத்தத்தின் அணுக்கள் ஏறக்குறைய முழுவதும் கொடையாளியுடையதாக மாறிவிடுகின்றன. அப்படி மாறிய பிறகும், அவர்களுடைய சொந்தப் பழைய டி செல்கள் தோலில் ஆண்டுக்கணக்கில் பிழைத்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ரத்தத்தையே புதிதாக மாற்றியும் போகாத ஒன்று, பேதி மருந்தாலோ கஷாயத்தாலோ போகாது. வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, பணத்தையும் இழந்து, அதற்குள் நோயை முற்றவிட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து வருந்தியிருக்கிறேன். நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம்.

தெளிந்த தோல் காலியான தோல் இல்லை என்று ஒப்புக்கொண்டால், சிகிச்சையில் சில விஷயங்கள் மாறுகின்றன. படை மறைந்த நாளில் மருந்தை நிறுத்தக் கூடாது; மெல்லக் குறைக்க வேண்டும். மறைந்த இடத்திலேயே, மறைந்த பிறகும், வாரத்துக்கு இரண்டு நாள் தடவும் முறை ஒன்று உண்டு. வைட்டமின் டி வகை மருந்தான கால்சிபோட்ரியாலும் ஸ்டீராய்டான பீட்டாமெத்தசோனும் சேர்ந்த நுரை மருந்தை இப்படி ஓராண்டு தடவிச் செய்த பெரிய ஆய்வில், முதல் தடவை நோய் திரும்ப எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு நோய் திரும்பும் வரை ஆன நாட்கள்) மருந்தில்லாத நுரையைத் தடவியவர்களுக்கு 30 நாளாகவும், மருந்து தடவியவர்களுக்கு 56 நாளாகவும் இருந்தது. இது மாயமில்லை, ஆனால் ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் படையில்லாத நாட்கள் கூடுகின்றன. ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகவே நாள்தோறும் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து கோடு விழும் என்பதால், எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் தோல் மருத்துவரே வகுக்க வேண்டும்.

இன்னொன்று: கீறல், உராய்வு, வெயிலில் பொசுங்கல் போன்ற காயம் பட்ட இடத்தில் சொரியாசிஸ் முளைப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிக் கோப்னர் எழுதியிருக்கிறார். முழங்கையும் முழங்காலும் நாள் முழுக்க எங்காவது ஊன்றப்படும், உரசப்படும் இடங்கள். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றிப் படிக்கும் பழக்கம் இருந்தால் மாற்றுங்கள், செதிலைப் பிய்க்காதீர்கள், தோலை வறள விடாதீர்கள். சிறிய செயல்கள்தான், ஆனால் உறங்கும் செல்லைத் தட்டி எழுப்பாமல் இருப்பதற்கு இவை உதவும்.

படை பரவலாக இருப்பவர்களுக்கு இன்று ஊசி மருந்துகள் இருக்கின்றன. ஐஎல்-17ஐத் தடுப்பவை மிக விரைவாகத் தோலைத் தெளிவாக்குகின்றன. ஐஎல்-23ஐத் தடுப்பவை, அந்த நினைவுச் செல்களைத் தாங்கிப் பிடிக்கும் ஆதரவையே குறைப்பதால், நிறுத்திய பிறகும் நோய் திரும்பச் சற்று அதிக காலம் எடுக்கிறது. இங்கே எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது வேறொரு போக்கு: நோய் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தகைய வலுவான சிகிச்சையைப் பெற்றவர்கள், நெடுநாள் நோயாளிகளைவிட நன்றாகத் தெளிந்திருக்கிறார்கள், அந்தத் தெளிவும் நீடித்திருக்கிறது. நினைவு வேரூன்றுவதற்கு முன் தடுப்பது எளிது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்களுக்கு ஏழு ஆண்டு ஆகிவிட்டதே என்று கலங்க வேண்டாம். மூன்று இடங்களில் மட்டும் உள்ள படைக்குக் களிம்பும் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சையுமே பெரும்பாலும் போதும். அந்த ஒளி மேல்தோலில் உள்ள டி செல்களைச் சாகவைக்கும் திறன் உடையது.

தம்பியின் வெண்புள்ளியிலும் கதை இதுவே. அங்கே நினைவுச் செல்கள் நிறமிச் செல்களைக் குறிவைக்கின்றன. சிகிச்சையில் நிறம் திரும்பிய இடங்களில், சிகிச்சையை நிறுத்திய ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் மறுபடி வெளுக்கின்றன. நிறம் திரும்பிய பிறகும் வாரம் இருமுறை டாக்ரோலிமஸ் களிம்பு தடவியவர்களுக்கு இது வெகுவாகக் குறைந்தது. அந்தச் செல்கள் உயிர்வாழ ஐஎல்-15 என்ற புரதம் தேவைப்படுகிறது. அதைத் தடுக்கும் மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. நிறம் முழுமையாக வந்தவுடன் மருத்துவரிடம் போவதை நிறுத்த வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

அடியோடு அழிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சொரியாசிஸைத் தூண்டும் செல்களை மட்டும் பிரித்தெடுத்து அழிக்கும் மருந்து இன்று இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கலாமே என்றால், அதை நான் விரும்பமாட்டேன், காரணம் இருக்கிறது. டி செல்களிலேயே தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய்க்கு அலெம்டுஸுமாப் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது. குறைந்த அளவில் கொடுத்தபோது அது ரத்தத்தில் சுற்றும் டி செல்களைத் துடைத்தெடுத்தது; தோலில் குடியிருப்பவற்றைத் தொடவில்லை. ரத்தத்தில் டி செல்களே இல்லாத அந்த நோயாளிகளுக்குத் தொற்றுகள் அதிகரிக்கவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு சொல்கிறது. திசுக்களில் எஞ்சியிருந்த அந்தக் குடியிருப்புச் செல்கள்தான் அவர்களைக் காத்தன என்பது ஆய்வாளர்களின் முடிவு. மெலனோமா என்ற தோல் புற்றுநோயையும் இதே வகைச் செல்கள் அடக்கிவைக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. உங்கள் முழங்கையில் தொல்லை தரும் செல்லின் உடன்பிறப்புகள், அதே தோலில் வேறு ஆயிரம் வேலைகளை உங்களுக்குத் தெரியாமல் செய்துகொண்டிருக்கின்றன.

டி செல்களில் தோன்றும் புற்றுநோயைக் குறிப்பிட்டதால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இது உங்களுக்காக இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. வெயில் படாத இடுப்பு, தொடை, பிட்டம் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் மாறாத மெல்லிய செதில் படை இருந்து, எக்ஸிமா என்றும் சொரியாசிஸ் என்றும் மருந்து போட்டும் தீராமல் இருந்தால், தோலில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற மெதுவான நோய் அப்படித்தான் ஒளிந்திருக்கும். அதுவும் இந்தக் குடியிருப்பு டி செல்களின் இயல்புகளைக் கொண்ட செல்களிலிருந்தே வருகிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் நீண்ட காலம் நன்றாக வாழ்கிறார்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தப் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே காட்டுங்கள். மருந்தை நிறுத்திய தேதியையும் முதல் செதில் தெரிந்த தேதியையும் எழுதிக்கொண்டு போங்கள். தெளிந்த பிறகு எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை நாள் தடவ வேண்டும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். காலையில் எழும்போது விரல் மூட்டுகளோ குதிகாலோ அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் சொரியாசிஸ் மூட்டுகளையும் தாக்கக்கூடியது, அதற்கான சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. தோல் மறுபடி மென்மையாகும்போது இன்னொரு படம் எடுத்து, முன்பு படை இருந்த எல்லையை அதில் குறித்து வையுங்கள். அதன் பிறகு களிம்பைத் தடவ வேண்டிய இடம் அந்த எல்லைக்குள் இருக்கும் நல்ல தோல்தான்.